'மெதுவா' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்: சாஃப்ட்பால் பெண்ணுக்குச் சேஞ்ச்அப் பழக்குவது

முதல் ஆறு வாரத்தை வீணடித்தது நான்தான். மகளுக்கு அப்போது பத்து வயது, சாஃப்ட்பாலில் (பேஸ்பால் மாதிரியான ஆட்டம், பந்து பெரிது, கீழிருந்து வீச வேண்டும்) பந்து வீசப் பழகிக்கொண்டிருந்தாள். கையைக் காற்றாலை மாதிரி முழு வட்டமாகச் சுற்றி வீசும் விண்ட்மில் சுற்றில் அவள் ஃபாஸ்ட்பால் ஓரளவு நேராகப் போக ஆரம்பித்திருந்தது. அடுத்து சேஞ்ச்அப் (வேகப்பந்து மாதிரியே காட்டி, வேகம் குறைந்து வந்து ஏமாற்றும் பந்து) பழக்குங்கள் என்று கோச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். "இதே மாதிரிதான் அம்மணி, ஆனா மெதுவாப் போடு" என்றேன். போட்டாள். காலை மெதுவாக எடுத்து வைத்தாள், கையை மெதுவாகச் சுற்றினாள், முகத்தைக்கூட மெதுவாக வைத்துக்கொண்டாள். பந்து கோயில் யானை மாதிரி அசைந்து வந்தது. அந்தச் சனிக்கிழமை மேட்ச்சில் எதிரணியின் சின்னப் பெண் ஒருத்தி அது வருகிறவரை நிதானமாகக் காத்திருந்து, சென்டர் ஃபீல்டர் தலைக்கு மேலே அடித்தாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பயிற்சி நேரத்தில் "மெதுவா" என்ற சொல்லுக்குத் தடை. யார் சொன்னாலும் ஒரு டாலர் அபராதம். கொடுத்ததெல்லாம் நான்தான்.

நான் ஈரோட்டுக்காரன். டென்னிஸ் பந்து கிரிக்கெட் தவிர வேறெதுவும் ஆடியதில்லை. டல்லாஸுக்கு வடக்கே குடிவந்து, மகள் பள்ளித் தோழியோடு போய்ப் பெயர் கொடுத்த பிறகுதான் சாஃப்ட்பாலையே பார்த்தேன். இப்போது அவளுக்கு 13. ஐந்து வருஷமாக வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம், பந்து போட்டு வைக்கும் பக்கெட்டின் மூடிமேல் உட்கார்ந்து அவள் வீசுவதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். இந்த ஊரில் எங்கள் இனத்துக்கே 'பக்கெட் அப்பா' என்றுதான் பெயர். கோச்சுகள் நல்லவர்கள்தான், ஆனால் நாமும் பேஸ்பால் பார்த்தே வளர்ந்தவர்கள் என்று நினைத்துப் பாதியை விழுங்கிவிட்டுத்தான் சொல்லித் தருவார்கள். அந்த மீதிப் பாதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், சேஞ்ச்அப் எதற்கு? பிராவோ சென்னை அணிக்குப் போட்ட ஸ்லோ பாலை நினைத்துக்கொள்ளுங்கள். ஓடிவருவதும் கை சுற்றுவதும் வேகப்பந்து போடுகிறவர் மாதிரியே இருக்கும், பந்து மட்டும் வந்து சேராது. மட்டை முன்னாலேயே சுற்றி முடிந்துவிடும். இங்கேயும் அதேதான். 12 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் பந்து வீசும் பிட்ச்சர் நிற்கும் பலகைக்கும், மட்டையடிக்கும் பேட்டர் பக்கத்தில் தரையில் பதித்த பிளேட்டுக்கும் 40 அடி. கால் முன்னே பாய்ந்து கையிலிருந்து பந்து பிரியும்போது மிச்சம் சுமார் 35 அடி. மணிக்கு 48 மைல் ஃபாஸ்ட்பால் அந்தத் தூரத்தைக் கடக்க ஏறக்குறைய அரை நொடி. மணிக்கு 37 மைல் சேஞ்ச்அப்புக்கு 0.65 நொடி. வித்தியாசம் 0.15 நொடிதான், கண் சிமிட்டும் நேரம். ஆனால் ஃபாஸ்ட்பாலுக்குக் கணக்குப் போட்டு மட்டையை வீசியவளுக்கு அந்த 0.15 நொடிக்குள் மட்டை பிளேட்டைத் தாண்டிப் போயிருக்கும்.

இந்தக் கணக்கு முழுக்க ஒரே ஒரு விஷயத்தின் மேல் நிற்கிறது: பேட்டர் அதை ஃபாஸ்ட்பால் என்று நம்ப வேண்டும். அவள் பார்ப்பது காலையும் கையையும். அவை வேகம் குறைந்தால் பந்தின் வேகமும் குறையப் போகிறது என்று தெரிந்துவிடும். ஆக நாம் பழக்க வேண்டியது மெதுவாக வீசுவதை இல்லை. முழு வேகத்தில் வீசி, கடைசி நொடியில் அந்த வேகம் பந்துக்குப் போய்ச் சேராமல் தடுப்பதை.

எப்போது ஆரம்பிக்கலாம்? ஃபாஸ்ட்பாலில் பத்துக்கு ஆறு ஸ்ட்ரைக் (பேட்டர் அடிக்கக்கூடிய எல்லைக்குள் வரும் பந்து) விழுந்த பிறகு. அதற்கு முன்னால் வேண்டாம். பத்து வயதில் ஐந்து வகைப் பந்து போடுகிறாள் என்று பெருமை பேசும் அப்பாக்களை எல்லா மைதானத்திலும் பார்க்கலாம். ஐந்தும் ஒரே மாதிரி வெளியே போகும். டிராப், கர்வ், ரைஸ் எல்லாம் பிறகு வரட்டும். ஃபாஸ்ட்பாலுக்கு அடுத்து சேஞ்ச்அப், அவ்வளவுதான்.

இனி பிடி. இணையத்தில் தேடினால் சர்க்கிள், நக்கிள், ஹார்ஸ்‌ஷூ என்று ஏழெட்டுப் பிடிகள் கிடைக்கும். குழந்தையின் கையைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கிரிக்கெட் பந்தின் சுற்றளவு 9 அங்குலம். 12 வயதுக்குட்பட்டோர் வீசும் சாஃப்ட்பால் 12 அங்குலம். பத்து வயதுக்குட்பட்டோருக்கு 11. தேங்காய் மாதிரியான அந்தப் பந்தைப் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் வளையம் கட்டி, மீதி மூன்று விரலில் தாங்கச் சொன்னால் பத்து வயதுக் கை என்ன செய்யும்? நழுவவிடும். சர்க்கிள் பிடி நீளமான விரல்காரிகளுக்கு.

நாங்கள் இரண்டு வழியாகப் போனோம். பதினோரு வயது வரை உள்ளங்கைப் பிடி, அதற்குப் பிறகு புறங்கை.

உள்ளங்கைப் பிடி எளிது. பந்தை விரல் நுனியில் வைக்காமல் உள்ளங்கைக்குள் நன்றாகத் திணித்து, பெருவிரலும் சுண்டுவிரலும் இரண்டு பக்கமும் கவ்வ, நடு மூன்று விரலும் சும்மா தொட்டுக்கொண்டிருக்கட்டும். ஃபாஸ்ட்பாலில் கடைசி வேகம் மணிக்கட்டின் சுண்டலிலிருந்தும் விரல் நுனியிலிருந்தும்தான் வருகிறது. இந்தப் பிடியில் விரலுக்கு வேலையில்லை, மணிக்கட்டையும் பூட்டிவிடுகிறோம். இடுப்பருகே வரும்போது உள்ளங்கை, பிளேட்டுக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்ச்சரைப் பார்க்க வேண்டும், பந்தைத் தள்ள வேண்டும். "ஊஞ்சல்ல தங்கச்சிய உக்கார வெச்சுத் தள்ளுவியே, அப்படி" என்றேன். உடனே பிடித்துக்கொண்டாள். ஊஞ்சலை யாரும் விரலால் சுண்டிவிடுவதில்லை, கையை விறைப்பாக வைத்துத்தான் தள்ளுவோம்.

ஒன்று கவனம்: பூட்டு மணிக்கட்டுக்குத்தான், முழங்கைக்கு இல்லை. முழங்கையையும் விறைத்துக்கொண்டு வீசினால் தோளில் வலி வரும். வலி என்று சொன்னால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள், பேரம் பேச வேண்டாம்.

முதல் இரண்டு வாரம் முழுச் சுற்று வேண்டாம். கராஜில் ஒரு தார்ப்பாயைத் தொங்கவிட்டு, 12 அடியில் பக்கவாட்டில் நிற்க வைத்து, தோள் உயரத்திலிருந்து இடுப்பு வரை மட்டும் கையை இறக்கி விடச் சொல்லுங்கள். பந்தைச் சுற்றிக் கறுப்பு மார்க்கரில் தடியாக ஒரு கோடு போட்டுவிடுங்கள். இது எங்களுக்கு மிகவும் உதவியது. உள்ளங்கைப் பந்து சரியாக வந்தால் கோடு கிட்டத்தட்ட அசையாமல், சோம்பலாகப் புரளும். கோடு மங்கலாகும் அளவுக்குச் சுற்றினால் மணிக்கட்டு திருட்டுத்தனமாகச் சுண்டியிருக்கிறது. அப்பா கண்டுபிடித்துக் குறை சொல்வதைவிடப் பந்தே சொல்லிவிடுவது வீட்டில் அமைதிக்கு நல்லது.

புறங்கைப் பந்து, அதாவது இங்கே 'ஃபிளிப்' என்று சொல்வது, அழகானது, ஆனால் பொறுமை கேட்கும். பிடி சாதாரண ஃபாஸ்ட்பால் பிடியே போதும், தையலுக்குக் குறுக்கே விரல்கள். கை உச்சிக்குப் போய்ப் பின்பக்கமாக இறங்கும்போது, கதவுக் குமிழைத் திருப்புவது போல மணிக்கட்டைத் திருப்பி, இடுப்பருகே வரும்போது புறங்கை கேட்ச்சரைப் பார்த்து நிற்க வேண்டும். விரல் முட்டிகள் முன்னால் போகும், பந்து பின்னால் ஒட்டிக்கொண்டு வரும். கை பந்தைத் தள்ளுவதில்லை, இழுத்துக்கொண்டு போய் விட்டுவிடுகிறது. கை எவ்வளவு வேகமாகப் போனாலும் பந்துக்கு அதில் பங்கு கம்மி.

இதை அவளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. பிட்ச்சிங் சொல்லித்தரும் ஒருவரிடம் அரை மணி நேரத்துக்கு ஐம்பது டாலர் வீதம் நான்கு வாரம் அழைத்துப் போனோம். பந்துகள் எல்லாம் பின்வலைக்கு மேலே போயின. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டைனிங் டேபிளில் தண்ணீரைச் சிந்திவிட்டு, துணி எடுக்கப் போனவள் அலுப்பில் புறங்கையாலேயே ஒரே வழியாக வழித்துத் தள்ளினாள். தண்ணீர் தம்ளர் வரைக்கும் போனது. "அதேதான் அம்மணி! அந்தக் கையேதான்!" என்று நான் கத்தியதில் மனைவி அடுப்படியிலிருந்து ஓடிவந்துவிட்டாள். மேசையை வழிக்கும்போது கை தாழ்வாகவே போய்த் தாழ்வாகவே முடியும், யாரும் கடைசியில் மேலே தூக்குவதில்லை. பின்வலைக்கு மேலே போனதன் காரணம் அதுதான். விடும்போது கையை மேலே தூக்கிக்கொண்டிருந்தாள். இப்போதும் பந்து உயரே போனால் நான் சொல்வது ஒரே சொல்: "மேசை."

பந்து முன்னாலேயே தரையில் குத்தினால் சீக்கிரம் விடுகிறாள், உயரே போனால் தாமதமாக விடுகிறாள் அல்லது தூக்குகிறாள். இதற்கு மேல் ஆராய்ச்சி வேண்டாம்.

கை பிடிபட்டதும் காலுக்கு வாருங்கள். பெரும்பாலான பெண்கள் மாட்டிக்கொள்வது காலில்தான். டிரைவ்வேயில் பலகைக்குப் பதில் ஒரு கோடு போட்டு, அவள் ஐந்து ஃபாஸ்ட்பால் வீசட்டும். முன்கால் இறங்கும் இடத்தில் ஒவ்வொரு முறையும் சாக்பீஸால் குறியுங்கள். பிறகு ஐந்து சேஞ்ச்அப், வேறு கலரில். என் மகளின் சேஞ்ச்அப் குறிகள் ஒரு சாண் பின்னால் இருந்தன. "நான் ஒரே மாதிரிதான் தாண்டறேன்" என்று சண்டை போட்டவள், தரையைப் பார்த்துவிட்டுப் பேசவில்லை. இரண்டு கலரும் ஒன்றோடொன்று கலக்கிறவரை இதைச் செய்யுங்கள். எங்களுக்கு மூன்று வாரம் ஆனது.

இன்னொன்று, கேட்பது. பின்கால் தரையில் இழுபடும்போது 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம் வரும். (அந்தக் கால் ஷூவின் மூக்கு எவ்வளவு சீக்கிரம் தேயும் என்பதை எந்தக் கோச்சும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மூக்குக்குக் காப்புப் போட்ட ஷூ வாங்குங்கள்.) நான் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்பேன், கண்டிப்பாகப் பந்து என்மேல் படாத இடத்தில் நின்றுதான். ஃபாஸ்ட்பாலுக்கு நீளமாகவும் சேஞ்ச்அப்புக்குக் குட்டையாகவும் கேட்டால் கால் காட்டிக்கொடுக்கிறது.

அடுத்தது கயிறு. வேகம் குறைந்த பந்து காற்றில் கூடுதல் நேரம் இருப்பதால் கூடுதலாக விழும். ஃபாஸ்ட்பால் போன அதே கோணத்தில் விட்டால் இரண்டரை அடிக்கு மேல் கீழே போய்விடும், அதாவது பிளேட்டுக்கு முன்னாலேயே மண்ணில் குத்தும். இரண்டு நாள் மண்ணில் குத்திய பிறகு குழந்தை என்ன செய்யும்? தூக்கிப் போட ஆரம்பிக்கும். பந்து வானவில் மாதிரி வளைந்து வரும், அதைப் பார்க்கிற எந்த பேட்டரும் சிரித்துக்கொண்டே காத்திருப்பாள். உண்மையில் அவ்வளவு தூக்கத் தேவையே இல்லை. முழங்கால் உயரத்தில் வந்து சேர வேண்டிய சேஞ்ச்அப், வழியில் ஃபாஸ்ட்பாலைவிட முக்கால் அடிக்கும் குறைவான உயரம் போனால் போதும். பேனாவும் பேப்பரும் எடுத்துப் போட்டுப் பார்த்த கணக்கு, காற்றுத் தடையை விட்டுவிட்டேன்.

ஆகவே பாதி வழியில் இரண்டு குச்சி நட்டு, தரையிலிருந்து 4 அடியில் ஒரு கயிறு கட்டுங்கள். பந்து கயிற்றுக்குக் கீழேதான் போக வேண்டும், போய்ப் பிடிப்பவரின் முழங்காலில் முடிய வேண்டும். கயிற்றைத் தாண்டியதெல்லாம் கணக்கில் சேராது. நான் துணி காயப்போடும் நைலான் கயிற்றைக் கட்டினேன், பந்து பட்டால் 'டொய்ங்' என்று அதிரும். அந்தச் சத்தம் அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காது.

ரேடார் வைத்திருக்கிறவர்கள் வேகத்தைப் பாருங்கள். ஃபாஸ்ட்பாலுக்கும் இதற்கும் 10 முதல் 12 மைல் வித்தியாசம் இருந்தால் இந்த வயதுக்கு அருமை. 5 மைல்தான் என்றால் அது சேஞ்ச்அப் இல்லை, அடிக்க வசதியாகப் போட்ட ஃபாஸ்ட்பால். 20 மைல் குறைந்தால் பேட்டர் ஏமாந்து நின்று, சுதாரித்து, மறுபடி மட்டையைத் தூக்கிக்கொள்ள நேரம் கிடைத்துவிடும். ரேடார் எண்ணை அவளுக்கு ஒவ்வொரு பந்துக்கும் சொல்லாதீர்கள். எண்ணைத் துரத்த ஆரம்பித்தால் கையைக் குறைத்து எண்ணைக் கொண்டுவந்துவிடுவாள், மறுபடி யானை நடைதான்.

ஒரு நாளைக்கு இருபது சேஞ்ச்அப் போதும். அதையும் இருபதாகச் சேர்த்துப் போட வேண்டாம். இரண்டு ஃபாஸ்ட்பால், ஒரு சேஞ்ச்அப், ஒரு ஃபாஸ்ட்பால் என்று கலந்து போடட்டும். மேட்ச்சில் யாரும் தொடர்ந்து இருபது போடுவதில்லை. சேஞ்ச்அப்புக்கு அடுத்த ஃபாஸ்ட்பால் குறி தவறுகிறதா என்றும் பாருங்கள். ஆரம்பத்தில் தவறும்.

பெரிய ஆட்டங்களைப் போட்டுக் காட்டுங்கள். 2025 கல்லூரி உலகத் தொடரில் டெக்சஸ் டெக் பல்கலைக்கழக அணிக்காக நைஜாரி கனடி என்ற பிட்ச்சர் வீசியதை நாங்கள் சோபாவில் உட்கார்ந்து பார்த்தோம். 70 மைலைத் தாண்டும் ரைஸ்பாலுக்குக் காத்திருக்கிற பேட்டருக்கு நடுவில் ஒரு சேஞ்ச்அப் வரும். அப்போது பந்தைப் பார்க்காமல் கனடியின் தோளையும் முகத்தையும் பார்க்கச் சொன்னேன். 2028 ஒலிம்பிக்ஸின் சாஃப்ட்பால் ஓக்லஹோமா சிட்டியில்தான் நடக்கப்போகிறது, இங்கிருந்து மூன்று மணி நேர கார் பயணம். டிக்கெட்டுக்காக அபராத உண்டியலை உடைக்காமல் வைத்திருக்கிறோம்.

மேட்ச்சில் எப்போது போடுவது? ஃபாஸ்ட்பாலை முன்கூட்டியே அடித்து, மூன்றாம் பேஸ் பக்கம் பலமாக ஃபவுல் ஆக்கும் (கோட்டுக்கு வெளியே அடிக்கும்) வலது கைப் பெண்ணுக்குப் போடலாம், அவள் ஏற்கெனவே அவசரத்தில் இருக்கிறாள். ஃபாஸ்ட்பாலுக்கே தாமதமாகச் சுற்றுகிற, வரிசையில் கடைசியாக வரும் பெண்ணுக்குப் போடவே கூடாது. அவளுடைய மட்டை வேகத்துக்குச் சரியான பந்தை நாமே கொண்டுபோய்க் கொடுத்த மாதிரி ஆகிவிடும். இந்தத் தப்பை டக்அவுட்டிலிருந்து (அணி உட்காரும் இடம்) சைகை கொடுக்கிற பெரியவர்களே செய்வார்கள்.

மூன்றாம் பேஸில், அதாவது பிளேட்டைத் தொட்டு ரன் எடுக்கக் காத்து, எதிரணி ரன்னர் இருந்தால் கேட்ச்சரோடு முதலில் பேசிவைக்க வேண்டும். நல்ல சேஞ்ச்அப் தாழ்ந்து வரும், சில சமயம் மண்ணிலும் விழும். போன வசந்தத்தில் கடைசி இன்னிங்ஸ், ஒரு ரன் முன்னிலை, இரண்டு அவுட், மூன்றாம் பேஸில் ஆள். பேட்டருக்கு இரண்டு ஸ்ட்ரைக், இன்னும் ஒன்று விழுந்தால் மூன்றாவது அவுட், ஆட்டம் முடிந்தது. மகள் போட்ட சேஞ்ச்அப்புக்கு பேட்டர் முழுசாகச் சுற்றித் தவறவிட்டாள். ஸ்ட்ரைக் மூன்று, முடிந்தது என்று நாங்கள் எழுந்து கைதட்டினோம். பந்து பிளேட்டில் குத்தி கேட்ச்சரின் கால்களுக்கிடையே பின்வலைக்கு ஓடியது. மூன்றாவது ஸ்ட்ரைக்கைக் கேட்ச்சர் பிடிக்காவிட்டால், இரண்டு அவுட் ஆகியிருக்கும்போது, பேட்டர் முதல் பேஸுக்கு ஓடலாம். ஓடினாள். மூன்றாம் பேஸில் நின்ற ரன்னர் பிளேட்டைத் தொட்டுவிட்டாள், ஸ்கோர் சமம். பாவம், கேட்ச்சர் பெண்ணைக் குறை சொல்லிப் பயனில்லை, வாரம் முழுக்க அவளுக்கு நான் ஒரு சேஞ்ச்அப்கூடப் பிடிக்கக் கொடுத்ததில்லை, எல்லாவற்றையும் பக்கெட்டில் உட்கார்ந்து நானே பிடித்துக்கொண்டிருந்தேன். இப்போது வாரம் ஒரு நாள் அந்தப் பெண்ணும் எங்கள் டிரைவ்வேக்கு வருகிறாள். மண்ணில் விழும் பந்தைப் பிடிக்கப் பார்க்காமல் முட்டி போட்டு உடம்பால் அடைக்கிறாள். போகும்போது மனைவி சுட்டுத்தரும் தோசை அவளுக்குச் சம்பளம்.

கடைசியாக, ஒளிப்பது. சேஞ்ச்அப் சைகை வந்ததும் குழந்தை கிளவுக்குள் கையைவிட்டு நாலு முறை பிசைந்து பிடியைத் தேடும். பேஸ் பக்கத்தில் நிற்கும் எதிரணி கோச் அதைப் பார்த்துவிட்டு பேட்டரின் பெயரை ஒரு மாதிரி கூப்பிடுவார், முடிந்தது கதை. எந்தப் பந்தாக இருந்தாலும் முதலில் சேஞ்ச்அப் பிடியைப் பிடித்துவிட்டு, ஃபாஸ்ட்பாலாக இருந்தால் அதிலிருந்து மாறப் பழக்குங்கள். அப்போது பிசைவது எல்லாப் பந்துக்கும் பொதுவாகிவிடும். கிளவ் வாய் அவள் வயிற்றைப் பார்த்து இருக்கட்டும்.

இதைச் சோதிக்க நாங்கள் ஒரு விளையாட்டு வைத்திருக்கிறோம். அவள் கையைச் சுற்ற ஆரம்பிக்கும்போதே நான் என்ன பந்து என்று கத்த வேண்டும். நேற்று இருபதில் பதினாறு சரியாகச் சொன்னேன். "கிளவ்ல தெரிஞ்சுதா? கால்ல தெரிஞ்சுதா?" என்று நச்சரித்தாள். இரண்டும் இல்லை. சேஞ்ச்அப்புக்கு முன்னால் மட்டும் நாக்கு நுனியை உதட்டோரம் வெளியே நீட்டிக்கொள்கிறாள். நாளைக்குப் போனில் வீடியோ எடுத்துக் காட்டலாம் என்றிருக்கிறேன். அதுவரைக்கும் ஜெயிப்பது நானாக இருக்கட்டும்.